நீ வைக்காத முண்டு

ஆரணி,

மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கார்த்திக் எங்கள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். நீ சாப்பிட்ட கையோடு கீழே கராஜுக்குப் போய்விட்டாய். விடுங்கோ தம்பி, நான் கழுவுறன் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. சேர்ட்டின் கையை முழங்கைக்கு மேலே மடித்தபோதுதான் கண்டேன். இடது கையில் முழங்கையில் இருந்து மணிக்கட்டை நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. அதன் ஒரு நுனியில் வட்டமாக ஒரு வளையம் பதிந்திருந்தது. இருபத்தைந்து வருடமாக வாகனங்களுக்குச் சீற் உறை தைக்கிறவள் நான். ஸ்பானரின் தலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. கராஜ்ல லேசா இடிச்சுக்கிட்டேன்."

நான் அவருடைய கையை விடவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார், தண்ணீர்க் குழாயைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "அவ வேணும்னு பண்ணல ஆன்ட்டி. புதுசா பெயின்ட் அடிச்ச மட்கார்டு மேல காபி கப்ப வச்சுட்டேன். தப்பு என்னோடதுதான். அவளுக்கு வெட்டிங் டென்ஷன், காரை முடிக்கிற டென்ஷன், எல்லாம் சேர்ந்துடுச்சு. ப்ளீஸ், நீங்க கேட்டதா அவகிட்ட சொல்லிடாதீங்க."

தப்பு என்னோடதுதான். அந்த வசனத்தை நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சொன்னவள், ஆரணி. பல் உடைந்தபோது குசினி அலுமாரியின் கதவு இடித்தது என்று வேலைத்தலத்தில் சொன்னேன். காது வீங்கியபோது குளிர் பிடித்தது என்று சொன்னேன். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அதே வசனம், இந்தியத் தமிழில், அதே சிரிப்போடு வந்தபோது நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம். அது முடிந்ததும் நீ அவரோடு மியூனிக் போய்விடுவாய். அங்கே உங்கள் இருவருக்கும் நடுவில் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். உன்னை ஏச எழுதவில்லை. ஏசுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று இதை வாசித்து முடிக்கும்போது உனக்கே விளங்கும். பன்னிரண்டு வருடமாக நானும் அப்பாவும் உனக்கு ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறோம். அதை முதலில் இருந்து சொல்லுகிறேன்.

அப்பா அந்தக் காரை வாங்கியபோது உனக்குப் பதினான்கு வயது. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்த இரண்டு கதவு வண்டி, எட்டு சிலிண்டர் என்ஜின். ஜெர்மனியில் வேலையாக இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் தன் நாட்டுக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. சவுவர்லாந்துப் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டிலுக்குள் வைக்கோலோடு வைக்கோலாகக் கிடந்தது. அதை இழுத்து வந்து வுப்பர்டாலில் நம் வீட்டுப் பின்முற்றக் கராஜுக்குள் தள்ளிய அன்று அப்பா சிரித்த சிரிப்பை நான் எங்கள் கலியாணப் படத்தில்கூடக் காணவில்லை. அவர் கார் திருத்துமிடத்தில் பெயின்ற் அடிக்கிறவர். வருடக்கணக்காக மற்றவர்களின் வண்டிகளைப் புதுப்பித்துக் கொடுத்தவர். இது அவருடையது. "புதுக் காராக்கிறது ஆருக்கும் ஏலும்," என்பார். "தொழிற்சாலையாலை வெளிக்கிட்ட அண்டைக்கு எப்பிடி நிண்டதோ, அப்பிடியே நிக்கோணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அது என்ன பேச்சு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒவ்வொரு போல்டின் தலையிலும் அன்றைக்கு இருந்த அதே எழுத்து இருக்க வேண்டும். கண்ணாடியின் மூலையில் அந்த மாதத்தின் குறியீடு இருக்க வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளி அவசரத்தில் தூரிகையால் அப்பிவிட்ட பசை, கதவுக்கு உள்பக்கம் வழிந்து காய்ந்த பெயின்ற், அவையும் அதே இடத்தில் அதே அளவில் இருக்க வேண்டும். சீற் வேலையை என்னிடம் தந்தார். பழைய உறையைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணி, அதே போல நான் தைக்க வேண்டும். மூன்று முறை பிரித்துத் தைத்தேன். நான்காம் முறையும் மடிப்பு ஒரு நூல் விலகிவிட்டது என்று உறையை என் முகத்தில் வீசினார். அதில் கோத்திருந்த கம்பி வளையம் என் மேல் உதட்டைக் கிழித்தது. இரத்தம் சீற்றில் பட்டுவிட்டதே என்று அதற்கும் ஒரு அறை விழுந்தது. நீ பள்ளிக்கூடத்தால் வந்து, "வாயிலை என்னம்மா?" என்று கேட்டாய். ஊசி குத்திவிட்டது என்றேன். நீ என்னை நம்பவில்லை. நம்பாத பிள்ளைக்குப் பொய் சொல்லுவது எப்படிப்பட்ட வேலை என்று அன்றைக்குத்தான் பழகத் தொடங்கினேன்.

அப்பாவை இருபத்திரண்டு வயதில் இலங்கையில் ஆமி பிடித்துக்கொண்டு போய்த் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு அடித்தது உனக்குத் தெரியும். முதுகில் உள்ள தழும்புகளை நீ சின்னவளாக இருக்கும்போது விரலால் தொட்டு எண்ணியிருக்கிறாய். எங்கள் வீட்டில் அவர் என்ன செய்தாலும் நான் அந்தத் தழும்புகளைத்தான் முன்னால் கொண்டுவந்து வைப்பேன். "அப்பா பட்ட பாடு அப்பிடியம்மா." அது பிழை. அவரைப் போல அடிவாங்கியவர்கள் இங்கே எத்தனையோ பேர். பிள்ளைகளுக்கு முன்னால் குரலைக்கூட உயர்த்தாதவர்களை எனக்குத் தெரியும். பட்ட அடி ஒரு காரணமாக இருக்கலாம், நியாயம் ஆகாது. இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததோடு நிற்கவில்லை. பெண்களுக்கு உதவி செய்கிற ஓரிடத்தில் ஒரு முறை டெர்மின் எடுத்தேன், போய்ச் சந்திக்க நாளும் நேரமும் குறித்துத் தந்தார்கள். அந்த நாள் காலையில் அப்பா மீன் வாங்கி வந்து, தானே வெட்டிக் கழுவி, மஞ்சள் பூசித் தந்தார். "நீ பாவம், களைச்சுப் போனாய்," என்றார். நான் போகவில்லை. ஒரு மீன் சட்டிக்கு உன்னை விற்றேன் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இனி, பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை. உனக்குப் பதினேழு வயது. அபிட்டூர், பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனை, நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்று உன் அறைச் சுவர் முழுக்கப் படம் கீறி ஒட்டி வைத்திருந்தாய். அந்தக் கிழமை அப்பா பின்னேர வேலை. அவருக்குத் தெரியாமல் நீ மூன்று நாள் கராஜுக்குள் போய், காரில் என்ஜின் கழற்றியிருந்த அந்த வெறும் அறையைப் பெயின்ற் தின்னரால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தாய். அவருக்கு ஒரு சந்தோசம் கொடுக்க நினைத்தாய். அந்த அறைக்கும் ஆட்கள் இருக்கிற பகுதிக்கும் நடுவில் உள்ள தகட்டில், எண்ணெய் அழுக்குக்குக் கீழே, தொழிற்சாலையில் யாரோ மெழுகுப் பென்சிலால் எழுதிய ஒரு இலக்கமும் ஒரு வளைந்த கோடும் இருந்தன. அப்பா அதைக் கண்டுபிடித்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. படம் எடுக்க நல்ல வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். உனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

அன்று நான் கராஜின் மூலையில் தையல் மெசினோடு இருந்தேன். அப்பா சொல்லச் சொல்ல நீ ஜாக்கை உருட்டி வந்து, பம்ப் பண்ணிக் காரின் முன்பக்கத்தைத் தூக்கி, சில்லைக் கழற்றினாய். தூக்கிய காருக்குக் கீழே அதைத் தாங்க இரும்பு முண்டு கொடுக்காமல் கை வைக்கக்கூடாது என்பது அவர் உனக்குப் படிப்பித்த முதற்பாடம். நீ முண்டை எடுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பினாய். அந்த நேரம்தான் அவர் என்ஜின் அறைக்குள் விளக்கைப் பிடித்தார்.

"இதிலை கிடந்தது எங்கை?"

"எது அப்பா?"

"எழுதிக் கிடந்தது. எங்கையடி?"

"ஊத்தை எண்டு துடைச்சனான். உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும் எண்டு..."

"நாப்பது வருசத்துக்கு மேலை அழியாமல் கிடந்தது. ஆர் உன்னைத் துடைக்கச் சொன்னது?"

மேசையில் கிடந்த பெற்றோல் குழாயை எடுத்தார். தடித்த கறுப்பு றப்பர், நுனியில் இரும்புக் கவ்வி. முதல் அடி உன் தோளில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது உன் முதுகில். நீ முண்டைக் கீழே போட்டுவிட்டு மேசைக்குக் கீழே போகப் பார்த்தாய். தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தார். நீ கத்தவில்லை. "சொறி அப்பா, சொறி அப்பா," என்று மன்னிப்பு மட்டும் கேட்டாய். நான் ஓடிவந்து பின்னால் இருந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். "விடுங்கோப்பா! பிள்ளையை விடுங்கோ!" முழங்கையால் என் வாயில் இடித்தார். நான் விழுந்தேன். விழுந்து கிடந்தபடி பார்த்தபோது அந்தக் கவ்வி உன் புருவத்தில் பட்டுத் தோல் பிளந்தது. இரத்தம் உன் கண்ணுக்குள் இறங்கியது. நீ கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி ஓடினாய். ஓடும்போது போல்டுகள் வைத்த தட்டம் தட்டுப்பட்டு நிலமெல்லாம் சிதறியது. படிகளில் உன் காலடியும், மேலே குளியலறைக் கதவு பூட்டுப்படுகிற சத்தமும் கேட்டன. இவ்வளவும் உனக்குத் தெரியும். இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து போல்டுகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாக எடுத்து, ஊதி, தலையில் உள்ள எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டத்தில் வைத்தார். மேலே பிள்ளை இரத்தத்தோடு நிற்கிறாள், இவர் போல்டை ஊதுகிறார். ஒன்று உருண்டு காருக்குக் கீழே போயிருந்தது. சில்லு இருந்த இடத்தில் தொங்கிய அந்தக் கனத்த இரும்பு வட்டத்துக்கு, பிரேக் டிரம்முக்கு, நேர் கீழே. அவர் நிலத்தில் குப்புறப் படுத்து வலக்கையை உள்ளே விட்டார். முண்டு வைத்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. கோபத்தில் தன் பாடத்தைத் தானே மறந்தார். படுத்தபடி எனக்குச் சொன்னார்: "இதை எடுத்துக்கொண்டு மேலை வாறன். அந்தக் கையை முறிச்சு விட்டால்தான் அவள் இனி ஒண்டையும் துடைக்கமாட்டாள்."

ஜாக்கின் நீண்ட பிடி எனக்குப் பக்கத்தில் நின்றது. அதை இடப்பக்கம் திருப்பினால் எண்ணெய் இறங்கும், கார் இறங்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். பின் சீற் சட்டத்தைக் கழற்றிய மாதம் முழுக்க அந்த ஜாக்கை ஏற்றி இறக்கியது நான்தான். நான் எழும்பினேன். வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினேன். இரண்டு கையாலும் பிடியைப் பிடித்தேன். திருப்பினேன்.

கை தவறியது என்று எழுதினால் நீ நம்புவாய். எனக்கும் எத்தனையோ இரவு அப்படி நம்ப ஆசையாக இருந்தது. கை தவறவில்லை. அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன். இரும்பு இறங்கியது. காய்ந்த தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு இன்னொன்று. அப்பாவின் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆமி முகாமில் அப்படிக் கத்தியிருப்பாரோ என்று அந்தக் கணத்திலும் எனக்குத் தோன்றியது. தோன்றியும் என் கை இரங்கவில்லை.

"தூக்கு! தூக்கடி! பம்ப் பண்ணு!"

நான் பம்ப் பண்ணவில்லை. அவருடைய முகத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். "இனிப் பிள்ளையைத் தொடுவியளோ?" என்று கேட்டேன். அவர் என்னைக் கெட்ட வார்த்தையால் ஏசினார். நான் எழும்பி நின்றேன். திரும்பவும் கேட்டேன். அவர் இடக்கையால் என் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். காலால் அந்தக் கையை உதைத்தேன். இரத்தம் காங்கிறீற்றில் ஊறிக்கொண்டு என் செருப்பு வரைக்கும் வந்தது. மூன்றாம் முறை கேட்டபோது, "இல்லை, தொடமாட்டன், என்ரை அம்மாவாணை தொடமாட்டன்," என்று அழுதார். அதற்குப் பிறகுதான் பிடியை வலப்பக்கம் திருப்பிப் பம்ப் பண்ணினேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. டொக்டர் பின்னர் சொன்னார், கொஞ்சம் முந்தி எடுத்திருந்தால் போனதில் ஒரு விரலையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று. மூன்று விரல் போனது. அதில் ஒன்று நான் நின்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்கான விரல்.

கத்தல் கேட்டு நீ துவாயைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு ஓடி வந்தாய். அப்பாவைப் பார்த்தாய். சுவரோரம் நீ போட்டுவிட்டுப் போன முண்டைப் பார்த்தாய். உன் முகம் வெளுத்தது. "அம்மா, நான் முண்டு வைக்கேல்லை," என்றாய். "நான் முண்டு வைக்காமல் ஓடிட்டன்." அம்புலன்ஸ்காரரிடம் சொன்னாய். பொலிசுக்கும் அதையே, டொச்சில், ஒழுங்காகச் சொன்னாய். ஜாக் பழசு, எண்ணெய் ஒழுகியிருக்க வேண்டும், முண்டு வைக்க வேண்டியது நான், வைக்கவில்லை. உன் புருவத்தைப் பற்றிக் கேட்டபோது, ஓடிவரும்போது விழுந்ததாகச் சொன்னாய். அப்பாவையும் காப்பாற்றினாய், உனக்குத் தெரியாமலே என்னையும் காப்பாற்றினாய். நான் வாயைத் திறந்தேன். வாய்க்குள் இரத்தமும் பயமும்தான் இருந்தன. பொலிஸ் என்னைக் கொண்டுபோனால் நீ அவரோடு தனியே இருப்பாய் என்று எனக்கு நானே சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு மறியலில் அடைபடப் பயம்.

ஆஸ்பத்திரியில் நினைவு தெரிந்ததும் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "நான் ஒண்டும் சொல்லேல்லை. நீயும் சொல்லாதை. பிள்ளை மறந்துபோச்சுது, அவ்வளவுதான்," என்றார். என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து அன்றைக்கு அவருடைய காலைத் தொட்டேன். பெண்டாட்டி கையை நசுக்கினாள் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்ல அவருக்கு வெட்கம் என்பது பிறகுதான் விளங்கியது. அதைவிட இன்னொன்றும் இருந்தது. நீ அவருக்குப் பக்கத்தில் போய், கட்டுப் போட்ட கையைப் பார்த்து விக்கி விக்கி அழுதாய். "இனி நான்தானப்பா உங்கடை வலக்கை. காரை நான் முடிச்சுத் தாறன்," என்றாய். அவர் உன் தலையைத் தடவினார். அவருக்கு ஒரு கை போய் இரண்டு கை கிடைத்தது. நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

ஆகனில் இடம் கிடைத்த கடிதத்தை நீ கிழித்துக் குப்பையில் போட்டதை நான் கண்டேன். துண்டுகளை எடுத்து ஒட்டி வைத்தேன், ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. நீ கார் உடல் திருத்துகிற வேலைக்கு அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, செய்தாய். கிழமை நாட்களில் அங்கே, சனி ஞாயிறில் அப்பாவின் காரில். அவர் முக்காலியில் இருந்து சொல்லுவார், நீ செய்வாய். சொன்னது போல அவர் உன்னைத் திரும்பத் தொடவில்லை. ஒருமுறை இடக்கை ஓங்கியது. நான் ஜாக் நின்ற பக்கம் பார்த்தேன், கை இறங்கியது. வீடு அமைதியானது. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. உன் படிப்பைக் கொடுத்து வாங்கிய அமைதியில் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அந்த நேரத்தில் உனக்குள் என்ன வளர்கிறது என்று பார்க்காமல் விட்டேன். பெயின்ற் நிறம் ஒரு சாயல் பிழைத்ததற்காக நீ இருபத்திநாலு வயதில் ஒரு புது மட்கார்டைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினாய். அரை மணித்தியாலம் அடித்தாய். தகடு சப்பளிந்து நிலத்தோடு ஒட்டிய பிறகும் நிறுத்தவில்லை. அப்பா முக்காலியில் இருந்து, "என்ரை பிள்ளை," என்றார். பெருமையாகச் சொன்னார். நான் வழமைபோலத் தும்புத்தடியை எடுத்து வந்து துண்டுகளைக் கூட்டி அள்ளினேன். இரும்பைத்தானே அடிக்கிறாள் என்று நினைத்தேன். அப்பாவும் தொடக்கத்தில் கதவையும் சுவரையும்தான் அடித்தார்.

காரை முடித்துவிட்டாய். அது உண்மையிலேயே பெரிய வேலை, ஆரணி. அந்த மெழுகுப் பென்சில் எழுத்தை, வேறு நாட்டில் இருக்கிற இதே மாதிரிக் கார்களின் படங்களைத் தேடிப் பார்த்து, எழுதி எழுதிப் பழகி, திரும்ப எழுதி வைத்திருக்கிறாய். போன கிழமை காரைப் பரிசோதிக்க வந்த அந்த வயதான டொச்சுக்காரர், வாழ்நாளில் இப்படி ஒன்றைக் காணவில்லை என்று தொப்பியைக் கழற்றினார். நீ அழுதாய். எல்லோரும் சந்தோசத்தில் அழுகிறாய் என்று நினைத்தார்கள். பன்னிரண்டு வருடக் கடன் தீர்ந்தது என்று நீ அழுதாய் என்பது எனக்குத் தெரியும். உனக்கு அப்படி ஒரு கடன் இருந்ததே இல்லை.

முண்டு வைக்காதது உண்மை. அடித்துத் துரத்தப்பட்ட பிள்ளையால் முண்டு வைக்க ஏலாது. காரை இறக்கியது நான்.

போன வெள்ளிக்கிழமை அப்பாவிடம் சொன்னேன், பிள்ளைக்கு எழுதப் போகிறேன் என்று. அவர் கோபப்படுவார் என்று நினைத்து எழும்பி நின்றுதான் சொன்னேன். அவர் ரி.வி.யை நிறுத்தினார். வலக்கையில் மிஞ்சிய இரண்டு விரலையும் தடவினார்.

"அவள் அதுக்காகத்தான் என்னட்டை வாறவள்," என்றார். "சொன்னால் இனி வரமாட்டாள்."

"அதுதானே," என்றேன். "நானும் அதுக்குத்தான் இவ்வளவு நாளும் பயந்தனான்."

"கலியாணத்துக்கு என்னை வரவிடுவாளோ?"

"எனக்குத் தெரியாது. என்னையே விடுவாளோ தெரியாது."

அவர் அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் செய்தது எங்களுக்குள்ளே முடிந்த கணக்கு. உனக்குச் செய்தது முடியவில்லை.

கார்த்திக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. அவர் நல்ல பிள்ளை, அதனால்தான் எனக்குப் பயம். நல்லவர்கள் அடியைத் தாங்கிக்கொண்டு தப்பு என்னோடதுதான் என்பார்கள், அடிக்கிறவருக்கு அது பழகிப்போகும். நீ அவரிடம் போய், உன் மேல் ஒரு தப்பும் இல்லை, நான் உன்னை அடித்தேன் என்று சொல்லு. டென்ஷன், களைப்பு, கலியாணம், கார், அப்பா, ஆமி, ஒன்றையும் சேர்க்காதே. பிறகு கை ஓங்காமல் இருக்கப் படிப்பிக்கிற ஆட்களிடம் நீயே டெர்மின் எடுத்துப் போ. அந்த நாள் காலையில் யார் என்ன மீன் வாங்கி வந்தாலும் போ. அதைச் செய்யும்வரை கலியாணத்தைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் போடு. எசனில் எடுத்த கலியாண மண்டபக்காரரோடும் சனத்தோடும் நான் கதைக்கிறேன். சனம் என்ன சொல்லும் என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் இவ்வளவும் செய்தேன். அதிலிருந்து ஒரு நன்மையும் வரவில்லை. என்னைப் பற்றிப் பொலிசில் சொல்ல வேண்டும் என்று நினைத்தால் சொல்லு. நானும் உன்னோடு வந்து கையெழுத்துப் போடுகிறேன். ஆகன் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து இனி ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். உன்னுடையது, அதனால் தருகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சனிக்கிழமை காலை கராஜில் உன் கையில் தந்துவிட்டு வெளியே முற்றத்தில் நிற்பேன். நீ வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும், மழை பெய்தாலும் நிற்பேன். உள்ளே ஏதாவது உடைகிற சத்தம் கேட்டாலும் இந்த முறை தும்புத்தடியோடு ஓடி வரமாட்டேன். கதவைத் திறக்காமல் விட உனக்கு உரிமை உண்டு. திறந்தால் என்னை ஏசு, அழு, இனி முகத்தில் முழிக்காதே என்று சொல்லு, எல்லாம் கேட்பேன். ஒன்று மட்டும், பிள்ளை. வெளியே வரும்போது வெறுங்கையோடு வா.

அம்மா